எக்கோ எந்தப் பக்கம்?

பேரன் பிறந்ததும் என் மனைவி சென்னைக்கு, மகன் வீட்டுக்குப் போனாள். பிள்ளைக்குத் தலை நின்றதும் வந்துவிடுவதாகப் பேச்சு. அவன் தவழ்ந்து, எழுந்து, சுவரைப் பிடித்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டான். பாளையங்கோட்டையில் நான் தனியாக, நானே வைத்த புளிக்குழம்பை நானே திட்டிக்கொண்டு தின்றுகொண்டிருந்தேன்.

தினமும் சாயங்காலம் போனில் அவளைக் கூப்பிட்டு, எப்போது வருவாள் என்று கேட்பேன். “எப்பட்டி வாரே?” என்பேன். கொஞ்சம் பொறுத்து “எப்பட்டி வாரே?” என்று என் குரலே என்னைக் கேட்கும். அதற்குப் பிறகுதான் அவள் பதில் வரும்: “பார்ப்போம். இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு.” எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் அந்தப் பதில் மேலா, எக்கோ மேலா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன். எக்கோவைப் பற்றி எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம். பழைய லைனில் வீட்டுக்கு வருவது இரண்டு கம்பி. வெளியூருக்குப் போகும்போது, போகிற பேச்சுக்கு ஒரு ஜோடி, வருகிற பேச்சுக்கு ஒரு ஜோடி. இரண்டு கம்பியும் நான்கு கம்பியும் சேரும் இடத்தில் பொருத்தம் சரியில்லையென்றால், பேச்சில் கொஞ்சம் கசிந்து பேசினவனிடமே திரும்பும். சட்டென்று திரும்பினால் காதுக்குத் தெரியாது. தாமதமாக வந்தால்தான் தொல்லை. இப்போதைய டிஜிட்டலில் பேச்சைத் துண்டு துண்டாக்கி அனுப்பி, அங்கே மறுபடி கோப்பதற்குள் அந்தத் தாமதம் கூடிவிடுகிறது. அந்தப் பக்கம் வெளியே வரும் நம் சத்தம் அங்கேயே மைக்கில் புகுந்தால் போதும், நாம் பேசியது நமக்கே தெளிவாகக் கேட்கும். எப்படியானாலும், எக்கோ எவனுக்குக் கேட்கிறதோ அவனிடம் பெரும்பாலும் கோளாறு இருக்காது. எதிர்முனையில்தான் இருக்கும்.

ஆகவே மகனைப் படுத்தியெடுத்தேன். வைஃபை பெட்டியை மாற்று, அம்மாவுக்கு வேறு போன் வாங்கு என்றேன். பாவம், இரண்டையும் செய்தான். எக்கோ போகவில்லை. ஆனால் அதே போனை அவன் காதில் வைத்துப் பேசினால் எக்கோ இல்லை. அவள் பேசினால் மட்டும் வருகிறது. லைனுக்கு ஆள் பார்க்கத் தெரியுமா என்ன? எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

ஆழ்வார்குறிச்சியில் என்னோடு வேலைபார்த்த நண்பர் இருக்கிறார். அவரிடம் புலம்பினேன்.

“ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுதாங்க, வேற என்னவே?” என்றார்.

“அவளுக்குப் பாம்புக்காது. அவளுக்கு எதுக்குவே ஸ்பீக்கர்?” என்று வெடுக்கென்று போனை வைத்துவிட்டேன்.

வைத்துவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலம் மனைவியிடமே கேட்டேன். பதில் சொன்னது மருமகள்.

“ஆமா மாமா, ஹால்ல ஸ்பீக்கர்லதான் எப்பவும் போடுவோம். உங்க குரலைக் கேட்டா பிள்ளை சிரிக்கான்லா?”

அட கடவுளே! இத்தனை நாள் நான் பேசியதெல்லாம் அந்த ஹாலில் முழங்கியிருக்கிறது. மருமகள் சமையல் வாயில் வைக்க விளங்குதா என்று கேட்டதுகூட. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் குழப்பம் தீர்ந்ததா? கூடத்தான் செய்தது. எல்லோரும் கேட்கிற இடத்தில் ‘நல்லாத்தான் இருக்கு’ என்றவள், தனியாக இருந்தால் என்ன சொல்வாள்? அதையேதான் சொல்வாள் என்றால்?

மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறாளாம். குரல் சுத்தமாக இருந்தது, எக்கோ இல்லை. பழக்கதோஷத்தில் “எப்பட்டி வாரே?” என்றேன்.

“எப்ப வாரே, எப்ப வாரேன்னு கேக்குதீங்களே, வந்துருன்னு ஒரு வார்த்தை வந்துச்சா உங்க வாயில?” என்று பொரிந்தாள். “அத்தனை பேர் முன்னால, ஊருக்குப் போணும்னு நானா சொல்ல முடியுமா? மருமவ என்ன நினைப்பா? நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவுக கூப்பிடுதாகன்னு கெளம்பியிருப்பேன்லா?”

எனக்கு வந்தது கோபமா, சந்தோஷமா, ஒன்றும் பிடிபடவில்லை.

“நாளைக்கே வாரேன். பெட்டியைக் கட்டி வை,” என்றேன்.

“அதைக் கட்டி எவ்வளவோ நாளாச்சு,” என்றாள்.