சிவப்பு நூல் கட்டிய பூக்கள்

துரு நோயைத் தாங்கும் குணம் நிலக்கடலையின் டி.என்.ஏ.வில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வரைபடம் போடுவதுதான் என் ஆராய்ச்சி. சொல்லும்போது பெருமையாக இருக்கும். வேலையோ வெண்ணந்தூர் பக்கம் ஒரு குத்தகைக் காட்டில் முழங்கால் போட்டுத்தான் தொடங்கியது. நோய் தாங்கும் ரகத்தின் மகரந்தத்தை ஊர் ரகத்தின் பூவில் தடவிக் கலப்பு விதை எடுக்க வேண்டும். அதற்கு முந்தின மாலையே ஊர் ரகத்தின் மொட்டைப் பிரித்து, அதன் சொந்த மகரந்தப் பைகளை ஒன்றுவிடாமல் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும்; மிஞ்சினால் பூ தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும்.

துணைக்கு ஒரு அக்கா வந்தார். தறி ஓட்டியவர், பஞ்சுத் தூசி நெஞ்சுக்கு ஆகாமல் காட்டு வேலைக்கு வந்தவர். அவர் முடித்த பூவுக்குச் சிவப்பு நூல், என்னுடையதற்கு நீலம். நான் மூன்று பூ முடிப்பதற்குள் அவர் ஒன்றுதான் முடிப்பார். எனக்கோ பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. சில நாள் கழித்து, பூவிலிருந்து காய் பிடிக்கும் விழுது மண்ணில் இறங்கியதை எண்ணிப் பார்த்தேன். நீல நூல் பூக்களில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது, சிவப்பில் பத்துக்கு இரண்டுகூட இல்லை.

"உங்க கை பட்டுப் பூ கெட்டுப்போகுதுக்கா. நாளையில இருந்து வர வேண்டாம்" என்றேன். அவர் இடுக்கியைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

விதைகளை முளைக்கவைத்து, ஒவ்வொரு நாற்றின் இலையையும் டி.என்.ஏ. வரிசையைப் படிக்க அனுப்பினேன். வந்த முடிவை மூன்று முறை சரிபார்த்தேன். சிவப்பு நூல் நாற்றுகள் அனைத்திலும் தாய், தகப்பன் இரு பக்கமும் இருந்தது. என்னுடையவற்றில் பெரும்பாலும் தாயான ஊர் ரகம் மட்டும். அவசரத்தில் நான் விட்டுவைத்த பைகளே அந்தப் பூக்களைக் காய்க்க வைத்திருந்தன. வரைபடமே அவருடைய அந்தச் சில நாற்றுகளை நம்பித்தான் நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் வீட்டைத் தேடிப் போனேன். பழையபடி தறிக்குப் போய்வந்து இருமிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அப்பவே தெரியுமுங்க. நீங்க எடுத்த பூவுல ரெண்டு மூணு பை மிச்சம் நிக்கும்" என்றார்.

"ஏங்க்கா சொல்லல?"

"படிச்சவங்க, ஏதோ காரணமாத்தான் உட்டு வெக்கறீங்கன்னு நெனச்சேனுங்க."

பிறகு, அடுத்த பருவத்தில் இன்னொரு ரகத்தோடு கலப்பு தொடங்கப் போகிறோம், வருவீர்களா என்று கேட்டேன்.

"வாரேனுங்க" என்றார். "பூவை மட்டும் நீங்க தொட வேண்டாமுங்க."