துவக்குகள் ஓய்ந்திருந்த வருஷம்

நேற்று மண்முனைப் பாலத்தில் நின்றபோது, கீழே போன தோணியின் மண்ணெண்ணெய் வாசம் என்னை இப்போது இல்லாத பழைய துறைக்குக் கொண்டுபோனது.

நாடு முழுக்கச் சண்டை நின்று, துவக்குகள் ஓய்ந்திருந்த வருஷம் அது. எனக்கு எட்டு வயது. இயக்கத்துக்குப் போன பிள்ளைகள் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து, ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வீடு பார்க்க வந்தார்கள். பின்னேரங்களில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு துறையில் நிற்பாள். உப்புக்காற்றில் கண் எரிய, வேறு யாருடைய அம்மாமாரோ அழுதபடி ஓடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

மாரிக்கு முன் ஒருநாள், நான் கைக்குழந்தையாக இருந்தபோது போன அண்ணன் காலையிலேயே வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“நீங்க ஆரு?” என்றேன்.

“உன்ட அண்ணன்தான்கா.”

அம்மா இறால் சமைத்தாள். வாசலைப் பார்த்தபடியே சாப்பிட்டவன், வெயில் சாயவும் எழுந்தான். துறைவரைக்கும் அம்மா அவன் கையை விடவில்லை.

“இனிச் சண்டையில்லத்தானே, நில்லன் மனே.”

“மறுகா வாறன் அம்மா.”

பிறகு சண்டைதான் திரும்பி வந்தது. அண்ணனைப் பற்றித் தொடங்கினால் அம்மா நாள்முழுக்கப் பேசுவாள். என்னிடம் இருப்பது அந்த ஒரு பகல் மட்டும்.