அக்காவின் வெள்ளை லைற்

வெயில் பட்டால் அக்காவின் தோல் சிவந்து தடித்துவிடும். அந்த நோய் வந்த பிறகு அவள் யன்னல் சாத்திய அறைக்குள்ளேயே இருந்தாள். அங்கே, செடி வளர்க்கிற வெள்ளை லைற் ஒன்றின் கீழே தக்காளி விதை போட்டாள்.

கன்று மொட்டு விட்டதும், "பூக்கிற நேரம் சிவப்பு லைற் வேணுமாம். வாங்கிக்கொண்டு வரட்டோ, அக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டாம். வெள்ளைக்குள்ளை சிவப்பும் இருக்குத்தானே. முளையிலையிருந்து காய்க்குமட்டும் இது ஒண்டே காணும்."

அவள் சொன்னபடியே காய்த்தது. ஆனால் பழுக்க முதலே அதே நோயால் அவளுடைய சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன.

முதல் பழத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தக்காளி அவளுக்கு ஆகாது என்று டொக்டர் மறித்துவிட்டார். அக்கா அதை மணந்து பார்த்தாள்.

"நீ சாப்பிடு. நான் பாக்கிறன்."

கட்டிலடியில் நின்று சாப்பிட்டேன். இனித்தது. அக்கா வீடு திரும்பவில்லை.