புரட்டாசிக்குத் தயாரான நூறு கோழிகள்

இன்று காலை, காலியாகக் கிடந்த கோழிக்கூட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

பீடோங் டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் அண்ணன்.

"தங்கச்சி, தீபாவளிக்குக் கம்பத்துக் கோழி முப்பது வேணும்லா. நல்லா பெருசா பாத்து எடுத்து வையி."

"கோழி இல்லண்ணே. எல்லாம் போயிருச்சி."

"எங்க போச்சி?"

"பக்கத்து வீட்டு பாச்சிக் வாங்கிட்டாரு." (மலாய்க்காரர். பாச்சிக் என்றால் மலாயில் மாமா.)

அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்னாம்மா நீ, நம்ம ஆளுங்களுக்கு இல்லாம வெளிய குடுத்துட்டே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை (கடைக்காரர், நாளைக்கும் வேண்டும்). அதனால்தான் இங்கே வந்து உங்களிடம் கொட்டுகிறேன்.

நான் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் வேலை பார்த்தவள். விடிவதற்கு முன் பேக்டரி பஸ், இருட்டிய பிறகு வீடு. போதும் சாமி என்று வேலையை நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் பின்னால் எஸ்டேட் ஓரமாக இருந்த துண்டு நிலத்தில் கம்பத்துக் கோழி, அதாவது நாட்டுக்கோழி, வளர்க்க ஆரம்பித்தேன்.

என் வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். முதல் பேட்ச் விற்கவில்லை என்றால் நான் மறுபடியும் பஸ் ஏற வேண்டும்.

திட்டம் போட்டதும் அவரேதான். (அவருக்கு பேக்டரியில் பிளானிங் டிபார்ட்மெண்ட். சிரிக்காதீர்கள்.)

"தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடியே கோழி ரெடியா இருந்தா, மார்க்கெட் நம்ம கையில மா," என்றார்.

லேப்டாப்பில் கலர் கலராகக் கட்டங்கள். பார்க்கவே அழகாக இருந்தது, நானும் தலையாட்டினேன். எதிர்ச் சுவரில் முருகன் படம் போட்ட நாட்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேரில் ஒருவர்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கோழிகளைக் குறை சொல்ல முடியாது. நன்றாகத் தின்றன, நன்றாக வளர்ந்தன. சொன்ன நேரத்துக்கு, தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, நூறு கோழியும் தயார்.

அதாவது, புரட்டாசியில்.

ஊரே சைவம். நாங்களும் சைவம். வீட்டுக்குள் சாம்பார், பின்னால் நூறு கோழி.

சாப்பாட்டுக்கடை அண்ணனிடம்தான் முதலில் போனேன்.

"தங்கச்சி, இந்த மாசம் கடையில முட்டையே போடல. நீ கோழியோட வந்து நிக்கிறியே," என்றார். (ஆமாம், இதே அண்ணன்தான். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

சரி, வாட்சாப் குரூப்பில் போடலாம் என்று நல்ல கொண்டைச் சேவலாகப் பார்த்துப் படம் எடுத்துப் போட்டேன். போட்ட நாள் சனிக்கிழமை. ஓர் அக்கா உடனே குரல் பதிவு அனுப்பினார்.

"ஏம்மா, பெருமாளுக்குத் தளிகை போட்டுட்டு இப்பதான் உக்காந்தேன். போனைத் தொறந்தா கோழி. அழிச்சிரு முதல்ல."

அழித்தேன்.

டவுனில் சாமான் கடை வைத்திருக்கும் சீன ஆன்ட்டியிடம் போனேன். அவர் எப்போதும் வாங்குவார் என்று ஒரு தைரியம்.

"மிங்கு இனி மாக்கான் சாயூர் சாஜா லா, அமோய்," என்றார் மலாயில்.

அவர்களுக்கும் ஒன்பது நாள் விரதமாம். இந்த வாரம் காய்கறி மட்டும்தானாம். ஆன்ட்டி, நீங்களுமா?

கோழிகள் மட்டும் விரதம் இருக்கவில்லை. தீனி மூட்டை மூட்டையாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், "அந்த பஸ்ஸு இன்னும் நம்ம சந்தியிலதான் நிக்குதாம்," என்றார், ரசத்தைப் பார்த்துக்கொண்டே. அந்த பஸ்ஸில் மறுபடியும் ஏறுவதை நினைத்தாலே அழுகை வந்தது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு பாச்சிக் வேலி ஓரம் வந்து நின்றார். சேவல் கூவுகிற சத்தத்துக்குத் திட்டப் போகிறார் என்றே நினைத்தேன்.

"ஆயாம் நீ ஹங் நாக் ஜுவால் கா?" என்றார். விற்கிற கோழியா என்று கேட்கிறார்.

ஆமாம் பாச்சிக், விற்கத்தான் என்றேன்.

"லா, பாச்சிக் இங்ஙாட் ஹங் பெலா சாஜா."

நான் சும்மா ஆசைக்கு வளர்ப்பதாக நினைத்தாராம். பெரிய மகளுக்குக் கல்யாணம், விருந்துக்குக் கம்பத்துக் கோழி தேடி எங்கெங்கோ அலைந்தாராம். நூறு சேவலும் கோழியுமாக அவர் காதுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்திருக்கின்றன, நான் ஒரு வார்த்தை மலாயில் சொல்லவில்லை. நான் போட்ட விளம்பரம் முழுக்கத் தமிழ் குரூப்பில். சைவம் சாப்பிடுகிறவர்களாகத் தேடிப் பிடித்துக் கோழி விற்கப் பார்த்திருக்கிறேன்.

"அம்பிக் செமுவா," என்றார். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறாராம்.

உயிரோடு பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அறுப்பதெல்லாம் அவர்கள் பாடு. புரட்டாசியில் என் வாசலில் கத்தி எடுக்காமல் தப்பித்தேன். பஸ்ஸிலிருந்தும் தப்பித்தேன்.

இப்போது புரட்டாசி முடிந்ததும் இந்த அண்ணன் கேட்கிறார், நம்ம ஆளுங்களுக்கு ஏன் இல்லை என்று. அந்தக் குரல் பதிவு அக்காவும் நேற்றுக் கேட்டார், "எனக்கு ரெண்டு எடுத்து வச்சிருக்கலாம்ல?"

போகட்டும். கையோடு அடுத்த பேட்ச் குஞ்சுகளுக்குச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை லேப்டாப் கிடையாது, கலர் கட்டம் கிடையாது. நானே விரல் விட்டு எண்ணினேன். தீபாவளி முடிந்ததும் குஞ்சு வரும், மூன்று மாதத்தில் கோழி. பெருமையாக அவரிடம் சொன்னேன்.

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தைப்பூசம் மா. நான் பால்குடம் எடுக்கிறேன். ஊரே வெரதம்."

ஆகவே மக்களே, ஓர் உதவி. பாச்சிக்குக்கு இன்னொரு மகள் இருக்கிறாள். நல்ல பெண், டவுனில் வேலை பார்க்கிறாள். உங்களுக்குத் தெரிந்த மலாய்க்கார நண்பர்களில் நல்ல மாப்பிள்ளை யாராவது இருந்தால் உடனே சொல்லுங்கள்.

கல்யாணத்தைத் தைப்பூசத்தை ஒட்டி வைக்கச் சொல்லி நான் பேசிக்கொள்கிறேன்.