நான் வெட்டியெறிந்த பெயர்

போன வருஷம் ஆடி மாதம். கேரள எல்லையில் மலைமேல் இருக்கும் கம்பம்மெட்டில் மூன்று நாளாக விடாத மழை. ஏலக்காய் வாங்கித் தரம் பிரித்து அனுப்பும் ஒரு கடையில் நான் மேற்பார்வையாளன். அன்றைக்கு வேலை மந்தம். மத்தியானம் சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து, கோயில் சிற்பம் பற்றிய ஒரு கட்டுரையைப் போனில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒரு பெண்மணி குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அதற்குப் பிறகு நடந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்லப் போகிறேன். சொன்னால் மனசு ஆறும் என்பார்கள். ஆறாது. வீட்டுக்காரியிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். ஆனால் படிப்புப் பைத்தியம் உண்டு. இணையத்தில் கூத்து, ஓவியம், சிற்பம், நாடகம், பழைய பாட்டு என்று எதைப் பற்றி நல்ல கட்டுரை வந்தாலும் எப்படியாவது மோப்பம் பிடித்துவிடுவேன். படித்ததை எனக்குள் வைத்துக்கொள்ளவும் தெரியாது. நாலு பேருக்குச் சொன்னால்தான் சோறு இறங்கும். அதற்காகவே ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், கீழே கம்பத்தில் இருக்கும் சொந்தக்காரர்கள் என்று நூற்றுச் சொச்சம் பேர். தினமும் காலையில் கடை திறப்பதற்குள் ஒரு கட்டுரை போட்டுவிடுவேன். அண்ணன் இல்லாவிட்டால் நமக்கு இதெல்லாம் யார் சொல்வார்கள் என்று ஒருத்தர் எழுதிவிட்டால் போதும், அன்றைக்குப் பூராவும் எனக்குக் கால் தரையில் பாவாது.

ஆனால் எங்கள் மலையில் ரேஞ்ச் என்று ஒரு தொல்லை உண்டு. லிங்க் அனுப்பினால் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்களுக்குத் திறக்கவே திறக்காது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வெறும் எழுத்தாக அனுப்பினால் மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். அதனால் கட்டுரையை அப்படியே எடுத்து ஒட்டி அனுப்பும் பழக்கம் எனக்கு வந்தது. ஒட்டும்போது மேலே எழுதியவர் பெயர், தேதி, தளத்தின் பெயர், நடுவில் விளம்பரம், கீழே 'மேலும் படிக்க' என்று எல்லாம் கூடவே வரும். ஏலக்காயில் காம்பையும் வாலையும் தேய்த்து எடுப்பது போல அத்தனையையும் சுத்தம் செய்வேன். கடைசியில் 'படித்துப் பகிர்வது' என்று போட்டு என் பெயரும் போன் நம்பரும். விளம்பரத்தோடு சேர்த்து எழுதியவர் பெயரையும் குப்பை என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருந்தது.

அப்படிப் போட்ட கட்டுரைகளில் ஒன்று, தேயிலை எஸ்டேட் ஒன்றில் மாரியம்மன் திருவிழாவுக்குத் தொழிலாளர்களே போடும் நாடகத்தைப் பற்றியது. எழுதியவரின் அப்பா அதில் வருஷா வருஷம் ராணி வேஷம் கட்டுகிறவர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டி வெட்டி அவர் கையெல்லாம் கீறலாக இருக்கும். அதை மறைக்க, அம்மா தன் ரவிக்கைக்கு நீளமாகக் கை வைத்துத் தைத்துக் கொடுப்பாராம். கடைசி வருஷம் நெஞ்சுவலியோடு மேடை ஏறி, வசனம் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற ஜீப்பில் வேஷம் கலைக்காமலே அவர் இறந்துபோகிறார். முகத்துச் சாயத்தை அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பதோடு கட்டுரை முடியும். அதைப் படித்துவிட்டுக் கடையிலேயே அழுதேன். அழுதுகொண்டேதான் பெயரையும் வெட்டினேன்.

அந்தக் கட்டுரை பறந்தது. எந்தக் கை வெட்டியதோ, போகிற வழியில் 'படித்துப் பகிர்வது' என்ற வார்த்தைகள் உதிர்ந்துபோய், என் பெயரும் நம்பரும் மட்டும் அடியில் நின்றன. வேறொரு குழுவிலிருந்து அது எனக்கே திரும்பி வந்தபோது பார்த்தேன். அப்போதே சரி செய்திருக்கலாம். செய்யவில்லை. அந்த வாரம் பாலக்காடு கல்பாத்தியிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெரியவர் போன் செய்தார். "உங்கப்பாவைக் கண்ணு முன்னாடி கொண்டு நிறுத்திட்டேளே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். என் அப்பா சந்தையில் மூட்டை தூக்கினவர். நாடகம் நடக்கிற பக்கம்கூடத் தலைவைத்துப் படுத்ததில்லை. இது என் அப்பா இல்லை சார், நான் எழுதினதும் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ரொம்ப சந்தோஷம் சார் என்று சொல்லிவிட்டு வைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இனித்தது.

மழையில் வந்து நின்ற பெண்மணிதான் அந்தக் கட்டுரையை எழுதியவர். நாற்பது வயசிருக்கும். பீர்மேடு பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். முதல் நாள் போனில், உங்களை நேரில் பார்க்கணும், அந்த நாடகக் கட்டுரை விஷயமாக என்று மட்டும் சொல்லியிருந்தார். வாசகி ஒருத்தர் பாராட்ட வருகிறார் என்று பூரித்துப்போய் நான்தான் கடைக்கு வழி சொன்னேன். அன்றைக்குச் சட்டைகூட இஸ்திரி போட்டதாக உடுத்தியிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சண்டைக்கு வந்தவர் போலவே இல்லை. ஈரக் குடையை எங்கே வைக்கலாம் என்று கேட்டு, அங்கே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் கையில் கொடுத்தார். பட்டுச்சேலையும் காகிதக் கிரீடமுமாக ஒரு மெலிந்த ஆள், நீளக் கை வைத்த ரவிக்கையோடு நின்றுகொண்டிருந்தார்.

"உங்க பேர்ல சுத்துதுல்லண்ணே, அது எங்க அப்பா."

போட்டோவைத் திருப்பிக் கொடுக்கவும் கை வரவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அவர் வந்த காரணம் இதுதான். தமிழ்நாட்டில் ஒரு சின்னப் பதிப்பகம் அவருடைய பன்னிரண்டு கட்டுரைகளைப் புத்தகமாகப் போட ஒப்புக்கொண்டிருந்தது. அப்பாவைப் பற்றியதுதான் முதல் கட்டுரை. அச்சுக்குப் போகிற நேரத்தில், இது வேறொரு ஆள் பெயரில் ரொம்ப நாளாகச் சுற்றுகிறதே என்று அங்கே யாரோ கேட்டிருக்கிறார்கள். நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று இவரிடம் கேட்டுவிட்டார்கள். கட்டுரையை வெளியிட்ட இணைய இதழை நடத்தியவர்கள் அதை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். பக்கமும் இல்லை, அவர்களுடைய நம்பரும் இல்லை. இவர் வேலைக்கு நடுவே போனிலேயே தட்டித் தட்டி எழுதியவர். அந்தப் போனும் அதற்கு முந்தின வருஷ மழையில் நனைந்து செத்துவிட்டது. அப்பா நாடகம் போட்டதற்கு லயமே வந்து சாட்சி சொல்லும். அதை எழுதியது மகள்தான் என்பதற்குச் சாட்சி சொல்ல, பெயரோடு அந்தப் பக்கத்தைப் பார்த்தவன் என்று அவருக்குத் தெரிந்து நான் ஒருத்தன்தான் மிச்சம்.

"ஒரு லிங்க்கு, இல்லாட்டி எம்பேரு தெரியற மாதிரி ஒரு போட்டோ, எதாச்சும் வச்சிருப்பீகன்னு நம்பி வந்தேண்ணே" என்றார்.

போனைத் திறந்தேன். வருஷக்கணக்கில் நான் சேர்த்துவைத்த அத்தனை கட்டுரைகளும் இருந்தன. அவருடையதும் இருந்தது, சுத்தமாக, அடியில் என் பெயரோடு. லிங்க் ஒன்றுகூட இல்லை. ஒட்டி முடித்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிடுவது என் வழக்கம். எந்தெந்தப் பக்கம் பார்த்தோம் என்று போனில் பதிவாகுமே, அதையும் மாசா மாசம் துடைத்துவிடுகிற அதிபுத்திசாலி நான். அவரும் நானும் அரை மணி நேரம் தேடினோம். இத்தனை வருஷம் என்னத்தைச் சேர்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

கடைசியில் அவர் பதிப்பகத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மேஜை மேல் எனக்கு முன்னால் தள்ளினார். நான் ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டேன். இது என்னுடையது இல்லை, பெயரை வெட்டியது நான்தான், எழுதித் தரச் சொன்னாலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். அந்தப் பக்கம் பேசியவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்களுது இல்லைங்கிறது சரிங்க. ஆனா இவங்க பேர் அந்தக் கட்டுரையில இருந்ததை நீங்க பார்த்தீங்களா?"

நான் பெயரைப் பார்த்ததே இல்லை. எந்தக் கட்டுரையிலும் பார்த்ததில்லை. விரல் தானாகப் போய் அந்த வரியை அழித்துவிடும், கண் அங்கே நிற்காது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எதிரே இருப்பவர்தான் எழுதியவர் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. வேறொருவர் அப்பாவை என் அப்பா என்று நாக்குக் கூசாமல் வாங்கிக்கொண்டவன்தானே நான்? ஆனால் அந்த நேரம் பார்த்துப் பொய் வரவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக ஞாபகம் இல்லை சார் என்று சொன்னேன்.

பதிப்பகத்துக்காரர், ஒன்றில் சந்தேகம் வந்தால் மற்ற பதினொன்றின் மேலும் கேள்வி வரும், அதனால் இப்போதைக்கு நிறுத்தி வைப்போம் அம்மா என்றார். சரிங்க சார் என்று இவர் சொன்னார். போனை எடுத்துப் பையில் போட்டார். போட்டோவையும் என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். நான் உளறினேன். இன்றைக்கே எல்லாக் குழுவிலும் உங்கள் பெயரோடு போடுகிறேன் தங்கச்சி, நான் திருடியது என்று நானே எழுதுகிறேன் என்றேன்.

"வேணாம்ணே. இனி எம்பேரப் போட்டா, நாந்தான் உங்ககிட்ட இருந்து எடுத்தேன்னு சொல்லுவாக."

டீ சொல்லியிருந்தேன். அது வருவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

பதிப்பகத்துக்கு நான் கைப்பட எழுதி அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கட்டப்பனையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் பழைய பக்கத்தைத் தேடித் தரச் சொன்னேன். அவரும் கையை விரித்துவிட்டார். குழுவில், அவர் பெயரைச் சொல்லாமல், நான் செய்ததை மட்டும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். என்ன வந்தது தெரியுமா? கும்பிடுகிற கைகள். அண்ணனுக்குப் பெரிய மனசு என்று நாலு பேர். என் திருட்டுக்கும் பாராட்டு! அதற்குக் கீழேயே ஒருத்தர் ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லியிருந்தார். அன்றைக்கே குழுவைக் கலைத்துவிட்டேன். கலைத்து என்ன? அந்தக் கட்டுரை தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. போன மாசம் வந்தபோது அடியில் என் பெயரும் இல்லை, வேறு யாரோ ஒருத்தர் பெயர் இருந்தது.

தை மாதம் மனசு கேட்காமல் அவருக்குப் போன் செய்தேன். தேயிலைக் காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். என்னைத் தெரிந்துகொண்டார், வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்தார். ஏதாவது எழுதுகிறீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். எழுதவில்லை என்றார். அம்மாவைப் பற்றி ஒன்று மனசில் இருந்ததாம்.

"எழுத உக்காந்தா, அம்மாவையும் யாருக்குத் தூக்கிக் குடுக்கப் போறேனோன்னு இருக்குண்ணே. இருக்கட்டும், எங்கிட்டயே இருக்கட்டும்."

சூப்பர்வைசர் வருகிறார் என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் என் போனில் தினமும் எத்தனையோ நல்ல கட்டுரைகள் வந்து விழுகின்றன, நானும் படிக்கிறேன். அவர் தன் அம்மாவைப் பற்றி எழுதாமல் விட்டது மட்டும் எங்கிருந்தும் வராது என்பதும், அதை வரவிடாமல் செய்தவன் நான்தான் என்பதும் ஒவ்வொன்றைத் திறக்கும்போதும் நினைவுக்கு வந்துவிடுகிறது.