விமானம் இறங்கிய இடம்

காலை எட்டு மணிக்குக் கும்பகோணத்தில் பஸ் ஏறினேன். வெள்ளைக்காரர் காலத்திலேயே விமானம் ஓட்டிய தஞ்சை ஜில்லாக்காரர் ஒருவருக்கு வலங்கைமான் பக்கத்துச் சிற்றூரில் நினைவுச் சின்னம் எழுப்பியிருப்பதாகக் கேள்விப்பட்டு, பத்திரிகைக்கு எழுதப் போனேன்.

வலங்கைமானிலிருந்து மாட்டுவண்டி. மூன்று மைல், ஒரு ரூபாய். பாதி வழி பேசாமல் வந்த வண்டிக்காரர் திரும்பாமலே கேட்டார்.

"நெலம் அளக்குற சர்வேக்கு வந்தீங்களா?"

"இல்லைங்க. விமானச் சின்னம் பார்க்க."

"ரெண்டும் ஒரே எடந்தாங்க."

ஆடி மாதம். எங்கும் குறுவைப் பச்சை. நடுவே ஒரு தூணின் மேல் சிமெண்ட் விமானம், கட்டிலளவுதான் இருக்கும். ஆனால் அதைச் சுற்றிய கம்பி வேலி தூரத்து வாய்க்கால்வரை ஓடியது. உள்ளே கோரை மண்டிய தரிசு. வரப்புகள் மட்டும் இன்னும் தெரிந்தன.

பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்த அஞ்சலை என்ற பெண் என் பையையே பார்த்தாள்.

"யார் அனுப்பி வந்தீங்க?"

"யாரும் அனுப்பவில்லை."

"அப்பறம் எதுக்கு இந்த வெயில்ல வர்றீங்க?" வேலிக்குள் இருப்பது தன்னைப் போன்ற குத்தகைக்காரர்கள் உழுத நிலம் என்றாள். அறுவடை முடிந்த கையோடு வேலி வந்துவிட்டதாம்.

பத்தரை மணிக்கு அந்த நிலத்துக்கு உடைமைக்காரரான மிராசுதார் வீட்டில் இருந்தேன். அவர் விமானியின் தம்பி. "நீங்க எழுதணும் சார். அண்ணன் விமானம் எறங்கின எடம் அது. மொத்தமும் அறக்கட்டளை பேருக்கு மாத்தியாச்சு."

ஜில்லா முழுக்க நில உச்சவரம்புப் பேச்சு நடக்கிற நேரம். அறக்கட்டளை நிலத்துக்கு அதிலிருந்து விலக்கு உண்டு என்பார்கள். எனக்கு ஏதோ உறுத்தியது. "மொத்தமுமா?"

"விமானம் ஓடி நிக்க எடம் வேணாமா?" என்று சிரித்தார்.

காப்பி கொண்டுவந்த அவர் தங்கை மரகதம் தம்ளரை வைத்துவிட்டு நகரவில்லை.

"பெரியண்ணன் குடமுருட்டி ஆத்து மணல்லதான் எறங்கினாரு. கரையில நின்னு நானே பாத்தேன். வயல்ல உளுந்து நின்னுச்சு, அதக் கெடுக்க மனசு வரலன்னு சொன்னாரு."

"உள்ள போம்மா."

அவர் உள்ளே போகவில்லை. வாசலிறங்கி வேலியை நோக்கி நடந்தார். நானும் பின்னால் போனேன். தன் அண்ணன் ஆற்றில் இறங்கியதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வதாக அஞ்சலையிடம் சொன்னார்.

அஞ்சலை நம்பவில்லை. "ஒங்க வீட்டுக்கு எதிரா நீங்க ஏன் சொல்லணும்?"

"எங்கண்ணன் பேர வச்சுப் பொய் சொல்றாங்க. கேட்டுக்கிட்டு இருக்க முடியல."

"அப்ப எங்க தெருவுக்கு வாங்க. எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க."

அந்தத் தெருவில் மரகதம் அதுவரை கால் வைத்ததில்லை. ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வரப்பில் அஞ்சலைக்குப் பின்னால் நடந்தார்.

மாலைப் பஸ்ஸில் மிராசுதாரின் ஆள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ன எழுதப் போறீங்க?"

"ஆற்று மணலில் இறங்கினார் என்று."

அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

இதை எழுதும்போதும் வேலி அப்படியே இருக்கிறது. நிலத்தை அறக்கட்டளைக்கு மாற்றியது பற்றி விசாரணை வரப்போகிறதாம். சாட்சிகளில் மரகதமும் ஒருவர். எங்கள் ஊரிலும் முக்குக்கு முக்கு சிலைகள் உண்டு. மாலை போடும் நாளில் நானும் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். அந்தப் பீடங்களுக்கு அடியில் முன்பு யார் உழுதார்கள் என்று இதுவரை யாரையும் கேட்டதில்லை.