தூங்கக் கூடாத சர்வர்

இல்லாதவள் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டிவிடலாம் என்றுதானே நினைக்கிறாய்?

மேலாளரின் முகத்தைப் பார்த்தபடி இதை மனசுக்குள் கேட்டேன். வாய் என்னவோ "பார்க்கிறேன் சார்" என்றது. அந்த இரண்டு சொற்களுக்காக இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம்.

இனி சொல்லப்போவதில் ஒரு நிமிடத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நேரங்களை அன்றே ஒரு காகிதத்தில் குறித்து வைத்தேன். பேய் என்று யாராவது சொன்னால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். நீங்களும் சிரியுங்கள். ஆனால் அந்த நாற்காலியில் ஒரு மதியம் உட்கார்ந்துவிட்டு வந்து சிரியுங்கள்.

தனியாக வாழும் முதியவர்களின் வீட்டில் கட்டில் பக்கமும் குளியலறையிலும் ஒரு மணி இருக்கும். அழுத்தினால் எங்கள் சர்வருக்கு வரும். சர்வர் செவிலியரைக் கூப்பிடும். கிளவுடில் இதற்கென்று இரண்டு சர்வர்கள். ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும். மாதம் ஒரு ஞாயிறு, மதியம் இரண்டரைக்கு, மணி குறைவாக அடிக்கும் நேரத்தில் பராமரிப்பு. அப்போது சர்வரை நிறுத்தி, சரிசெய்து, மறுபடி எழுப்ப வேண்டும். எதை நிறுத்துவது என்று நாங்கள் நிரலில் எழுதி வைப்போம். டார்கெட் என்று அதற்குப் பெயர். விதி ஒன்றே ஒன்று: இரண்டும் சேர்ந்து தூங்கக் கூடாது.

மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிறு, இரண்டும் சேர்ந்து தூங்கின. பதினோரு நிமிடம். அந்தப் பதினோரு நிமிடத்தில் ஒரு பெரியவர் இடுப்பெலும்பு முறிந்து குளியலறைத் தரையில் கிடந்தபடி பதினேழு முறை மணியை அழுத்தியிருக்கிறார். அவருடைய மகள் புகார் கொடுத்தாள். விசாரணை திங்கட்கிழமை.

"அவ பண்ண தப்பும்மா இது. பண்ணிட்டு வேலைய விட்டே ஓடிட்டா" என்றார் மேலாளர், வெள்ளிக்கிழமை, அறிக்கையை என் பக்கம் தள்ளி. காரணம் என்ற இடத்தில் 'முன்னாள் ஊழியரின் கவனக்குறைவு' என்று இருந்தது. "சரிபார்த்தேன்னு நீ ஒரு கையெழுத்து போடு. உன்னை நிரந்தரம் பண்ற கடிதமும் திங்கக்கிழமை ரெடியாயிடும். போனவ போயிட்டா. நீ இருக்கப் போறவ."

அந்த 'அவ'வை நான் பார்த்ததில்லை. ஒப்பந்த ஊழியர். அவர் போன பிறகுதான் நான் சேர்ந்தேன். அவருடைய நாற்காலியும் கணினியும் எனக்கு வந்தன. காவக்கார அக்கா என்று அவருக்குப் பட்டப்பெயர். பக்கத்து இருக்கை நெட்டை என் முதல் நாளே சொன்னான்: "அக்கா ஸ்க்ரீன்ல விரல வச்சுதான் வரி வரியா படிப்பாங்க. போலீஸ் வந்தா கைரேகைக்கு அலையவே வேணாம்."

அக்கா ஒவ்வொரு சர்வரையும் பெயர் சொல்லித்தான் எழுதுவாராம். மேலாளருக்கு அது 'மளிகை லிஸ்ட்'. அவருக்கு டேக்தான் பிடிக்கும். சர்வர்மேல் டேக் என்று ஓர் அடையாளச் சொல்லை ஒட்டிவிட்டு, 'இந்த டேக் உள்ளதையெல்லாம் நிறுத்து' என்று ஒரே வரி. முடிந்தது வேலை.

ஞாயிற்றுக்கிழமை. விபத்துக்குப் பிறகு நிறுத்தி வைத்திருந்த பராமரிப்பு, மறுபடி அன்றைக்குத்தான். வெள்ளியன்றே மேலாளர் அந்த நிரல் இருக்கும் கோப்பை அனுப்பியிருந்தார். 'எல்லாம் நான் பார்த்துட்டேன். ஓட விடு, போதும்.' மாடியில் நான் ஒருத்திதான். ஜன்னல் வழியாக நல்ல வெயில். பயப்பட எந்தக் காரணமும் இல்லாத வெளிச்சம்.

1:50. உட்கார்ந்தேன். திரையில் தூசி. ஈரத்துணியால் துடைத்தேன். பளிச்சென்று ஆனது. இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

2:05. கோப்பைத் திறந்தேன். ஒரே வரி. அதன்மேல் ஒரு விரல் அச்சு.

என்னுடையதாக இருக்கும் என்று நினைத்தேன். துடைத்தேன்.

2:08. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். அதே வரி... அதே இடம்... அதே அச்சு. இப்போது இன்னும் அழுத்தமாக.

என் விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அது என் விரலைவிட அகலம்.

முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை, எரிச்சல். யாரோ விளையாடுகிறார்கள். நெட்டையைக் கூப்பிட்டேன்.

"ஆபீஸ்ல இருக்கியா நீ?"

"ஞாயித்துக்கிழமையா? எனக்கென்ன வேண்டுதலா?" பின்னால் குழந்தை அழும் சத்தம். வீட்டில்தான் இருந்தான்.

2:12. துடைத்தேன். இந்த முறை கண்ணை எடுக்கவில்லை.

கண்ணாடியில் ஆவி படிவதுபோல மெல்ல வந்தது. முதலில் நுனி... பிறகு ரேகைகள்... ஒவ்வொன்றாக.

அச்சு நகர்ந்தது. வரியின் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை. படிப்பதுபோல.

நானும் அதோடு சேர்ந்து படித்தேன். வேறு என்ன செய்ய? அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது சர்வரே முதலாவதை நகலெடுத்து உருவாக்கியதுதான். நகலெடுத்தால்... டேக்கும் சேர்ந்து வரும்.

நிரலைச் சோதனையாக ஓட்டினேன். எதையும் நிறுத்தாமல், எவற்றை நிறுத்தப்போகிறது என்று மட்டும் காட்டும். வெள்ளியன்றே செய்திருக்க வேண்டியது. 'நான் பார்த்துட்டேன்' என்று ஒருவர் சொன்னதை நம்பினேன்.

டார்கெட்: 2.

இரண்டும். மறுபடியும்.

2:17. வலது பக்கத்தில் நெட்டையின் நாற்காலி கிறீச்சிட்டது. காலி நாற்காலி. ஆனால் மெத்தை அமுங்கியிருந்தது.

2:19. காதோரம் ஒரு முணுமுணுப்பு. களைத்த பெண்குரல்.

"இது தூங்கலாம்..."

மூச்சு.

"இது தூங்கக் கூடாது."

என் கை விசைப்பலகையில் இல்லை. மடியில் இருந்தது. சத்தியம்.

2:21. அந்த ஒரு வரி அழிந்தது.

எழுத்து எழுத்தாக.

அதன் இடத்தில் ஒரு பெயர் வந்தது. முதல் சர்வரின் பெயர். அது மட்டும்.

விசைகள் அமுங்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது... டக்... டக்... டக்.

பிறகு நாற்காலி மெத்தை மெல்ல எழும்பியது.

2:30. ஓட விட்டேன். ஒரு சர்வர் நின்றது. மற்றது விழித்திருந்தது. 2:34க்கு எங்கோ ஒரு வீட்டில் யாரோ மணி அழுத்தினார்கள். செவிலியருக்கு அழைப்பு போனது. நான் அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோப்பின் வரலாற்றைத் திறந்தேன். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்று 2:21, அக்காவின் கணக்கு. மூன்று மாதம் முன்பே நீக்கப்பட்ட கணக்கு. அதற்குக் கீழே, விபத்து நடந்த ஞாயிறு, 2:05. சர்வரின் பெயரை எடுத்துவிட்டு டேக் வரியைப் போட்டதும் அக்காவின் கணக்குதான்.

அப்படியானால் மேலாளர் சொன்னது உண்மையா? ஒரு நிமிடம் தடுமாறினேன். அதற்கும் சேர்த்து என்னைத் திட்டிக்கொண்டேன்.

மேசை இழுப்பறையின் அடியில் அக்காவின் பழைய விடுப்பு விண்ணப்பம் ஒன்று கிடந்தது. அவசரத்துக்கு என்று தங்கையின் எண். 3:10க்குக் கூப்பிட்டேன். அக்காவிடம் பேச வேண்டும் என்றேன்.

போனை எடுத்தது தங்கைதான்.

"அக்கா தவறி மூணு மாசம் ஆச்சுங்க. உங்க ஆபீஸ்ல தெரியாதா? உங்க சாருக்கு அன்னைக்கே போன் பண்ணி சொன்னேனே."

"என்னைக்குங்க?"

தேதியைச் சொன்னாள். விபத்து நடந்த அதே ஞாயிறு. "காலைல பதினொண்ணு நாப்பதுக்கு உயிர் போச்சு. ரெண்டு மணிக்கு சாருக்கு சொன்னேன். 'அப்படியா, அவ பாஸ்வேர்ட் என்கிட்ட இருக்கு, வேலைய நான் பார்த்துக்கறேன்'னு வச்சிட்டாரு. அதுக்கப்புறம் யாருமே பேசல."

இரண்டு மணிக்குச் சொல்லியிருக்கிறாள். ஐந்தே நிமிடம். உடல் ஆறவில்லை, அதற்குள் அக்காவின் கணக்கில் உட்கார்ந்து மளிகை லிஸ்ட்டை அழித்திருக்கிறார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் தங்கை. "கடைசி ரெண்டு நாளு ஜுரத்துல, ஆஸ்பத்திரி சுவர்ல விரல வச்சு வச்சு அக்கா எதையோ படிச்சிட்டே இருந்தா. 'இது தூங்கலாம், இது தூங்கக் கூடாது'ன்னு. எங்களுக்கு ஒண்ணும் புரியல. அது என்னங்க?"

திரும்பிப் பார்த்தேன். என் திரை சுத்தமாக இருந்தது.

திங்கட்கிழமை. காலை 9:40. மேலாளரின் அறை. அறிக்கை மேசைமேல். பக்கத்தில் என் நிரந்தரக் கடிதம், உறைக்குள். விசாரணைக்காரர்கள் வெளியே காத்திருந்தார்கள்.

"நேத்து நல்லா முடிச்சுட்டியாமே. கெட்டிக்காரி" என்றார். பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "ம், போடும்மா. அவங்க காத்துட்டிருக்காங்க."

மேசை கண்ணாடியால் ஆனது. அறிக்கைக்குப் பக்கத்தில், எங்கள் இருவர் கையும் எட்டாத மூலையில், ஓர் அகலமான விரல் அச்சு. மெல்லப் படிந்துகொண்டிருந்தது. அவரும் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். இன்னொரு முறை துடைத்தார்.

என் பையில் கோப்பின் வரலாறு அச்செடுத்து இருந்தது, மூன்று பிரதி. கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் வந்தது, பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காத குரல்தான்.

பேனாவை மூடி அவர் பக்கம் வைத்தேன்.

"நான் போட மாட்டேன் சார்."